அறுந்த நரம்பின் நுனி

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள். கதவை ஒருக்களித்து வையுங்கள், கொஞ்சம் காற்று வரட்டும். பாடுபட்டு மீன் பிடித்துவிட்டு அதைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுகிற ஒரு மனுஷனின் கதையைச் சொல்கிறேன். பேய் வராது, ராஜா வர மாட்டார். ஒரு ஏரி, ஒரு படகு, ஒரு தோள்பட்டை, அவ்வளவுதான் சரக்கு. கடைசிவரை இருந்து கேட்டால் ஏமாற்ற மாட்டேன்.

ஓர் ஊரில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். தெருவில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். ஊரில் உயரமான கட்டடம் எது இருந்தாலும் அதன் உச்சியில் இருக்கும் மெஷின் அறைச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். பேச்சு ரொம்பக் குறைவு. "லிஃப்டுக்குள்ள நிக்கிறவன் எவன் வாயத் திறந்து பேசுறான்? அந்தப் பழக்கம் அத்தானுக்கு ஒட்டிக்கிச்சு" என்று அவர் மனைவியின் தம்பி கேலி செய்வான். அவன் சலூன் வைத்திருந்தான். பேசாமல் அவனுக்கு முடி வெட்ட வராது. இவர் பேசாத பேச்சையும் சேர்த்து அவனே பேசிவிடுவான் என்பதால் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போனது. சேர்ந்து ஒரு சின்னப் படகு வாங்கி வைத்திருந்தார்கள்.

படகு எதற்கு? பாஸ் மீன் பிடிக்க. பச்சை முதுகு, விலாவில் கரிக்கோடு, வாயைத் திறந்தால் ஒரு கைமுட்டி உள்ளே போகும். தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் மரத்தடியில் பதுங்கிக்கொண்டு, கண்ணெதிரே போவதை எல்லாம் ஒரே கவ்வாகக் கவ்வும். பாதி நேரம் பசிக்குக் கடிக்கும், பாதி நேரம் எரிச்சலுக்குக் கடிக்கும். அது முட்டையிடும் மாதங்களில் அந்த ஏரியில் யாரும் தூண்டில் போடக்கூடாது. அது முடிந்து ஏரி திறக்கிற நாளுக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பவர்களில் லிஃப்ட்காரரும் ஒருவர்.

"பிடிச்சு விடுறதுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"மலை ஏறுறவன் மலையை வீட்டுக்கா தூக்கிட்டு வர்றான்?"

"மலை ஏறுறவன் ஜட்டி வரைக்கும் நனைஞ்சு வர்றதில்ல."

சாவியும் மாடியும் இல்லாத ஒரே இடம் தனக்கு அந்தப் படகுதான் என்று சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் சொல்லத் தெரிந்த ஆள் இல்லை அவர்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு கட்டடத்தில் சிக்கிக்கொண்ட லிஃப்ட் கதவை அவர் பலங்கொண்ட மட்டும் இழுக்க, வலது தோள் இடம்விட்டு நழுவிவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டு அவிழ்ந்த பிறகு தினமும் காலையில் மனைவி அந்தக் கையைப் பிடித்து மெல்ல மெல்லத் தூக்கிப் பழக்கினாள். இரவில் ஒரு வலி மாத்திரை. அது வலியைக் குறைத்தது, தூங்க வைத்தது, கூடவே பகலெல்லாம் வாயை வறளவும் வைத்தது.

ஏரி திறக்கும் நாள் நெருங்கியபோது மனைவி பேச்சை எடுத்தாள்.

"ஏரி நடுவுல அந்தத் தோளு திரும்பக் கழண்டா யாரு உங்களைக் கரை சேக்குறது? என் தம்பியா? அவன் சீப்பைத் தவிர எதையும் தூக்கினவன் இல்ல."

"கழலாது."

"கழலாதுன்னா சந்தோஷம். போங்க. ஆனா மீன் இழுக்கிற இழுப்பை அந்தக் கை தாங்கலன்னா, படகைக் கொடுத்துடணும். மூலைக்கடைத் தையல்காரர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காரு."

"சரி."

அவர் சரி என்றால் சரிதான். அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிறகு பின்னறையில் ஏற்பாடு நடந்தது. தூண்டில் ரீல்களைக் கழற்றி, பழைய கிரீஸை ஊசியால் சுரண்டி எடுத்து, பல்சக்கரத்துக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். ஒவ்வொரு தூண்டில் முள்ளையும் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். வழுக்கினால் அரத்துக்குப் போகும், நகத்தில் குத்தி நின்றால் டப்பாவுக்குப் போகும். போன வருஷத்துத் தூண்டில் நரம்பை எல்லாம் உருவி எறிந்துவிட்டு, தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத புதுவகை நரம்பைச் சுற்றினார். கடைசியாக முடிச்சு. முள்ளின் காதுக்குள் நரம்பை நுழைத்து, தன்மேலேயே சுற்றி, வளையத்துக்குள் விட்டு, உதட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தொடு தொட்டு, இறுக்கி இழுப்பார். வருஷக்கணக்காகக் கை தானாகச் செய்கிற வேலை. முள் கட்டிய தூண்டில் கழிகள் எல்லாம் சுவரோரம் வரிசையாக நின்றன.

மச்சான் எட்டிப் பார்த்தான். "என்ன அத்தான், மீனுங்க மேல படையெடுக்கப் போறோமா? ஏரிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம், பாவம்."

ஏரி திறந்த நாள் விடியலில் தண்ணீர்மேல் புகைபோல மூட்டம் நின்றது. மச்சான் மீன்களோடு பேசியபடியே துடுப்புப் போட்டான். லிஃப்ட்காரர் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் கிளைக்கு அப்பால் ரப்பர் புழுவை எறிந்தார். அது அடியில் இறங்கி நின்றது. நரம்பில் ஒரு தட்டல், பக்கத்து வீட்டுச் சுவரில் விரலால் தட்டுவதுபோல. கழியைச் சுண்டி மேலே தூக்கினார். ஒரு கணம் பாரம் இருந்தது. டப். நரம்பு அறுந்து, அப்புறம் எதுவும் இல்லை.

புது முள் கட்டி மறுபடி எறிந்தார். மறுபடி தட்டல், பாரம், டப். கழியை மாற்றினார். அதிலும் அதேதான்.

மச்சானுக்கோ வரிசையாகச் சிக்கியது. "அத்தான், நீங்க சாப்பாடு போட்டு வளத்துவிடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்று முதல் தடவை சிரித்தான். மூன்றாவது தடவை அவன் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கும் அந்தச் 'சரி' தெரியும்.

"கை ஒரே சீரா இழுக்கல. வெட்டி வெட்டி இழுக்குது" என்றார் லிஃப்ட்காரர். முள்ளை வாயில் வாங்கிக்கொண்டு போன மீன்கள் அவர் மனதை அரித்தன. மீதி நேரம் கழியைத் தொடவே இல்லை.

வீட்டில் மனைவி கேட்டாள். அவர் உள்ளது உள்ளபடி சொன்னார். "தையல்காரரை வரச் சொல்லு." அவள் நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் முகம் ஒன்றும் மலரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து படகைப் பார்ப்பதாகத் தையல்காரர் சொல்லியனுப்பினார்.

இடையில் ஒரு நாள், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டின் இரும்புக் கயிற்றை மாற்றுகிற வேலை. கழற்றிப் போட்ட கயிற்றை வாட்ச்மேன் காலால் தள்ளிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு சார்? அந்துபோனா மாத்தினா போதாதா?"

"அந்துபோன பிறகு மாத்துறதுக்கு, உள்ள நிக்கிறவங்க சம்மதிக்கணும்."

வாட்ச்மேன் சிரித்தார். "அப்படி அந்துபோனா யாரு தப்புன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"முதல்ல யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. நுனியப் பாக்கணும். பிரிபிரியா இருந்தா வயசு. நசுங்கியிருந்தா சக்கரம். அந்த நுனியே சொல்லிடும்."

சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றார். கையில் ஸ்பேனர் இருந்தது, வேலை ஓடவில்லை. ஏரியில் நரம்பு அறுந்தபோது அவர் நுனியைப் பார்க்கவே இல்லை. தோள்மேல் பழியைப் போட்டுவிட்டார். தோளும் பாவம், எதிர்த்துப் பேசவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் வந்தவர் செருப்பைக் கழற்றியதும் நேரே பின்னறைக்குப் போனார். கழிகளின் நரம்பு நுனியை விளக்கடியில் பிடித்தார். நுனி வெளுத்து, நெருப்பில் காட்டிய முடிபோலச் சுருண்டிருந்தது. இழுப்பில் அறுந்த நரம்பு இப்படி இருக்காது. இது சூட்டில் வெந்த நரம்பு. முடிச்சை இறுக்கும்போது நரம்பும் நரம்பும் உரசும். ஈரம் இல்லாவிட்டால் அந்த உரசலிலேயே வெந்து போகும். பழைய தடித்த நரம்பாக இருந்தால் ஒருவேளை பொறுத்திருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து புதிதாக ஒரு முடிச்சுப் போட்டு, உதட்டில் தொட்டு இறுக்கினார். முள்ளை ஜன்னல் கம்பியில் மாட்டி நரம்பை இழுத்தார், நன்றாக இருக்கும் இடது கையால். டப்.

மறுபடி ஒன்று கட்டினார். மறுபடி டப்.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க இது, குழந்தை மிட்டாய் சப்புற மாதிரி?"

"எச்சில் வரல."

"என்னது?"

"முடிச்சை நனைச்சு இறுக்கணும். எப்பவும் வாயிலதான் நனைப்பேன். மாத்திரையில வாய் காஞ்சு கிடக்கு. தொடுறேன், நனையல. எனக்கே இப்பத்தான் உறைக்குது."

அவள் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை ஒரு விரலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு ஏரி தண்ணிமேல உக்காந்துக்கிட்டு எச்சிலைத் தேடியிருக்கீங்க."

அவர் முடிச்சை டம்ளரில் முக்கி இறுக்கினார். ஜன்னலில் மாட்டி இழுத்தார். ஜன்னல்தான் கிறீச்சிட்டது. முடிச்சு நின்றது.

"அப்ப தோளு நல்லாருக்குன்னு அர்த்தமா?" என்றாள்.

"தெரியல. அது இன்னும் மீனைப் பாக்கவே இல்லையே."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்ன வார்த்தையை மாற்றிக்கொள்ளவும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு நரம்புத் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். அவள்தான் சொன்னாள்.

"தையல்காரர் மத்தியானம்தானே வர்றாரு. காலைல போவோம். நானும் வர்றேன். என் கண்ணால பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை படகில் மூன்று பேர். நடுப்பலகையில் அவள், குடை விரித்து. "அக்கா, குடையை மடக்கு, பாய்மரக் கப்பல்னு நெனச்சு மீனெல்லாம் ஓடிடும்" என்றான் தம்பி. "நீ பேசுற பேச்சுக்கு ஓடாததா என் குடைக்கு ஓடப்போவுது?" என்றாள். ஆனாலும் மடக்கிக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் முடிச்சை ஏரியில் முக்கி இறுக்கினார். அதே மரம், அதே கிளை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தத் தட்டல். சுண்டினார். பாரம் வந்தது. வந்து நின்றது. கழி வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. மீன் ஒருமுறை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, வாயை அகலத் திறந்து தலையை உதறி, திரும்ப உள்ளே போயிற்று.

"அத்தான், இது மீனில்ல, கன்னுக்குட்டி" என்று தம்பி கைவலையைத் தேடினான். அதன்மேலேயே நின்றுகொண்டு தேடினான்.

அவள் மீனைப் பார்க்கவில்லை. சட்டைக்கு அடியில் ஏறி இறங்கும் அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் படகுக்கு அடியில் புகுந்தது. அவர் பல்லைக் கடித்தார். இழுக்கவில்லை, விடவுமில்லை, அது களைக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அது விலா காட்டி மேலே மிதந்து வந்தது. தம்பி ஒருவழியாக வலையைக் கண்டுபிடித்து அள்ளினான்.

லிஃப்ட்காரர் மீனின் கீழுதட்டைப் பிடித்துத் தூக்கி, முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் இறக்கிச் சற்று நேரம் தாங்கிப் பிடித்தார். வால் ஒருமுறை சுழன்றது. மீன் போய்விட்டது.

அவள் எழுந்து வந்து, ஆடுகிற படகில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு, காலருக்குள் கையை விட்டுத் தோள்மூட்டை அழுத்திப் பார்த்தாள். குளிர்காலம் முழுக்க அவள் கை பழகிய இடம். சதை துடித்துக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"இல்லேன்னு சொல்லியிருந்தீங்கன்னா இன்னைக்கே படகு போயிருக்கும்." தம்பி பக்கம் திரும்பினாள். "இடத்துலதான் இருக்கு. ஆனா இவரைத் தனியா அனுப்பினே, உன் சலூன்ல வந்து உக்காந்துக்குவேன், பாத்துக்க."

"வேணாம்க்கா, இருக்கிற வாடிக்கையும் போயிடும்."

மத்தியானம் தையல்காரர் அளவு நாடாவோடு வந்தார், படகின் நீளம் பார்க்க. கொடுப்பதாக இல்லை என்று அவளே வாசலில் நின்று சொன்னாள். அவர் முகம் வாடியதைப் பார்த்து, அடுத்த தடவை போகும்போது அவரையும் கூட்டிப்போகச் சொல்வதாகச் சொன்னாள். உள்ளே லிஃப்ட்காரர் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பட்டும். ஒருவர்மேல் ஒருவருக்கு வந்த கோபம் ஒரு ராத்திரிகூட உங்கள் கூரைக்கு அடியில் தங்காமல் போகட்டும். நன்றாக இருங்கள்.