துடைத்த குழல்

அந்தச் சனிக்கிழமை காலை துப்பாக்கி சுடும் கொட்டகையில் இருந்தவர்கள்:

ஹில்டா ரௌட்டியோ, அறுபத்து நான்கு வயது, போட்டியை நடத்தி மதிப்பெண் போடுகிறவள்.
வேர்ன் லுவோமா, தபால் வண்டி ஓட்டுகிறவர்.
டெல்பர்ட் கின்னுனன், பனிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன்.
மார்னி சால்மெலா, பள்ளிச் சமையலறையில் வேலை.
ஆர்விட் சால்மெலா, அவள் கணவன், காகித ஆலையில் மெக்கானிக்.
வேர்னின் நாய். விறகடுப்புக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. நடந்த எதற்கும் அது பொறுப்பில்லை.

வசந்தத்தில் நடக்கும் மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து நான்கு பேர் போகலாம். ஹில்டா, டெல்பர்ட், ஆர்விட் என்று மூன்று இடங்கள் நிரம்பியிருந்தன. நான்காவது இடம் வேர்னுக்கா மார்னிக்கா என்பது அன்று தெரிந்துவிடும். ஆர்விட்டுக்கு அந்த இடம் யாருக்குப் போனாலும் கவலையில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். மார்னி தன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து, டெல்பர்ட் செய்த வேலை சரியில்லை, நீயே பார் என்று அவனிடம் சொல்ல வேண்டும். அதற்கான ஏற்பாட்டை அவன் முந்தின நாளே முடித்திருந்தான்.

அவர்கள் வீட்டு நிலவறையில் ஆர்விட்டின் மேசை இருந்தது. அதில் அவனுடைய பாயிண்ட் டூ டூ துப்பாக்கி ஒன்பது வருடங்களாகக் கிடந்து வளர்ந்தது. விசையை அழுத்தினால் சுடும், தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் சின்ன ரகம். குழலை மாற்றினான், தோளில் சாத்தும் கட்டையை மாற்றினான், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மாற்றினான், விசையை நான்கு முறை மாற்றினான். கடையில் வாங்கியதில் மிச்சம் நடு உடல் மட்டும்தான். ஊரில் யாருடைய துப்பாக்கி சிக்கிக்கொண்டாலும் அவனிடம்தான் வரும். கையில் எடுத்து ஒரு தடவை போல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, எந்தச் சுருள்கம்பி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் மார்னியும் அதே ரகத்தில் ஒன்று வாங்கினாள். கடைச் சரக்கு. விசையை அழுத்துவது சரளைக்கல்லில் மூட்டையை இழுப்பது போலிருந்தது. கொட்டகையில் எல்லோர் முன்னாலும் அவனிடம் கேட்டாள்.

"இந்த ட்ரிகரக் கொஞ்சம் பாத்துத் தர்றியா?"

"மொதல்ல சுடக் கத்துக்க. அப்புறம் ட்ரிகரப் பத்திப் பேசலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த குளிர்காலத்தில் மறுபடி கேட்டாள். பாக்கலாம் என்றான். அக்டோபரில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே சொன்னாள்:

"டெல்பர்ட் கிட்டக் குடுத்துட்டேன்."

"எத?"

"துப்பாக்கிய. செஞ்சு தர்றேன்னான்."

ஆர்விட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். டெல்பர்ட்டை முத்தமிட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால்கூட என்ன செய்வதென்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று சாயங்காலங்கள் அவள் டெல்பர்ட் கடையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து விளக்குப் பிடித்தாள். எண்ணெய் வாடையோடு வீட்டுக்கு வந்தாள். வந்ததோடு நிற்கவில்லை. துப்பாக்கிக்குள் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி எப்படி வேலை செய்கிறது என்று காகிதத்தில் படம் போட்டு விளக்கினாள். ஆர்விட்டுக்கு.

"இந்த மூலைய மட்டும் தொடக்கூடாதாம். மத்ததத் தேய்க்கலாம். தெரியுமா ஒனக்கு?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றான்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அவன் அந்தத் துப்பாக்கியைப் பிரித்தான். அடியில் ஒரு திருகு, பக்கவாட்டில் இரண்டு ஊசிகள், அவ்வளவுதான். விசைத் தொகுதி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குறை தேடினான். கொக்கியின் முகம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஆனால் சாய்வு ஒரு இழைகூட மாறவில்லை. போல்ட் பின்னால் வந்து மோதும் இடத்தில் டெல்பர்ட் இரும்பு ஊசியை எடுத்துவிட்டு, அதிர்ச்சி தாங்கும் பிளாஸ்டிக் ஊசி போட்டிருந்தான். தடித்த புதுக் குழல் கட்டையில் எங்கும் உரசாதபடி பள்ளத்தைத் தேய்த்திருந்தான். ஆர்விட் நடுவில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்தான். அது முனையிலிருந்து அடிவரை தடையில்லாமல் வந்தது. துடைப்பான் கம்பி பின்பக்கமாக நுழைவதற்கு உடலின் பின்சுவரில் ஒரு ஓட்டை. விளிம்பு மழமழவென்று இருந்தது. ஆர்விட்டுடைய துப்பாக்கியிலும் அந்த ஓட்டை உண்டு. அவன் போட்டபோது துளைக்கருவி அரை மயிரளவு விலகிப்போனது. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு மணி நேரம் தேடினான். ஒரு கீறல் அகப்பட்டது. அது அவனே அப்போது போட்டது.

ஜனவரிக்குள் மார்னி வேர்னைத் தாண்டிப் போய்விட்டாள். கொட்டகையில் துப்பாக்கியைத் தடவிக்கொண்டு, "டெல்பர்ட் வேலை" என்று எல்லோரிடமும் சொன்னாள். யார் கேட்டாலும் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். ஆர்விட் பக்கத்து மேசையில் தோட்டா அடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் பள்ளியிலிருந்து வருவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அவன் அவளுடைய துப்பாக்கியை எடுத்து மேசை இடுக்கியில் இறுக்கி வைத்தான். கரைப்பான் ஊற்றினான். பித்தளைத் தூரிகையை அந்தப் பின் ஓட்டை வழியாக விட்டான், இருபது தடவை. பிறகு துணி, மறுபடி கரைப்பான், மறுபடி துணி. வெள்ளையாகப் போன துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை.

வெளியாள் பார்த்தால் பொண்டாட்டிமேல் பாசமுள்ள மனுஷன் என்பான். கொட்டகை ஆட்களுக்குத்தான் விஷயம் தெரியும். இந்தச் சின்னத் தோட்டாவின் ஈயக் குண்டில் மெழுகு பூசியிருக்கும். சுடச் சுட அந்த மெழுகு குழலுக்குள் மெல்லிசாகப் படியும். அந்தப் படிவு இருக்கும்வரைதான் குண்டு ஒரே வழியில் போகும். அதனால் நன்றாகச் சுடும் குழலை யாரும் தொடுவதில்லை. தோட்டா உட்காரும் வாயைப் பஞ்சால் துடைப்பார்கள், போல்ட்டின் முகத்தைச் சுரண்டுவார்கள், குழலை மாதக்கணக்கில் அப்படியே விடுவார்கள். வெறும் இரும்பாகத் துடைத்துவிட்டால் மறுபடி படிய இருபத்தைந்து, முப்பது குண்டுகள் வேண்டும். அதுவரை எங்கே போகிறது என்று அந்தக் குண்டுக்கே தெரியாது.

போட்டியில் பழக்கிக்கொள்ள ஐந்து குண்டுகள்தான் தருவார்கள்.

சனிக்கிழமை காலை வெளியே மிச்சிகனின் வடகோடிக் குளிர். உள்ளே அடுப்பின்மேல் இறைச்சி அப்பங்கள் சூடேறிக்கொண்டிருந்தன. சுடும் ஜன்னல்களைத் திறந்ததும் காற்று உள்ளே வந்து எல்லோருடைய காதையும் கடித்தது. ஐம்பது கஜம் தள்ளிப் பனிக்குள் காகிதங்கள் நின்றன. நான்கு தாள்கள், தாளுக்குப் பத்துக் குண்டுகள், குண்டுக்குப் பத்து மதிப்பெண்.

"என்ன வேர்ன், கண்ணாடி தொடச்சாச்சா?" என்றாள் மார்னி.

"கண்ணாடிய விடு. உன் புருஷன் கண்ணப் பாரு. ராத்திரி தூங்கலியா? நீ ஜெயிச்சுடுவேன்னு பயமா?"

"அவனுக்கு என்ன பயம்? சமையலறைக்காரி சுட்டா அப்பந்தான் சுடுவான்னு நெனைக்கிறான்."

ஆர்விட் சிரித்தான். சிரிப்பு சரியாக வந்ததா என்று அவனுக்கே சந்தேகம்.

மார்னி ஐந்து குண்டுகளைச் சுட்டாள். தொலைநோக்கியில் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. மூன்று இடப்பக்கம், ஒன்று மேலே, ஒன்று காணவே காணோம். குறியைச் சரிசெய்யும் திருகைத் தொடவில்லை. காற்று என்று நினைத்திருப்பாள்.

முதல் தாள் எண்பத்தொன்று.

"எண்பத்தொண்ணா?" என்றான் டெல்பர்ட். "இன்னொரு தடவை எண்ணுங்க ஹில்டா."

"எனக்கு எண்ணத் தெரியும், தம்பி."

இரண்டாவது தாள் எண்பத்தெட்டு. டெல்பர்ட் தன் மேசையை விட்டு எழுந்து வந்து அவள் பின்னால் நின்றான். நகத்தைக் கடித்தான். ஆர்விட் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியின் தாளைப் பார்க்கவில்லை. டெல்பர்ட்டின் காது சிவந்துகொண்டு வருவதைப் பார்க்க அவனுக்கு அடுப்புச் சூடு மாதிரி இதமாக இருந்தது.

மூன்றாவது தாள் தொண்ணூற்றேழு. நான்காவது தொண்ணூற்றெட்டு. கூட்டினால் முந்நூற்று அறுபத்து நான்கு. வேர்ன் முந்நூற்று எழுபத்தொன்று.

ஹில்டா எழுதி முடித்து பென்சிலைக் காதில் செருகினாள். "வேர்ன் நாலாவது. அவ்வளவுதான்."

யாரும் கை தட்டவில்லை. வேர்ன் நாயின் தலையைத் தடவினார்.

"தப்பு என்மேலதான் மார்னி" என்றான் டெல்பர்ட். "கொக்கியில எதையோ விட்டிருக்கேன். சூடேறுனப்புறம்தான் சரியா உக்காருது போல. மன்னிச்சுக்க."

ஆர்விட் காத்திருந்தான். இனி அவள் திரும்புவாள். திரும்பி அவனைப் பார்ப்பாள்.

"சும்மா இரு" என்றாள் மார்னி டெல்பர்ட்டிடம். "உன் வேலையில ஒரு கொறையும் இல்ல. ட்ரிகர் வெண்ணெ மாதிரி இருக்கு. என் கைதான். பயந்துட்டேன். மூணாவது தாள்லதான் கை நின்னுச்சு. சுடக் கத்துக்கன்னு ஆர்விட் அப்பவே சொன்னான், சரியாத்தான் சொல்லியிருக்கான்."

துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைத் திறந்துவைத்து, டெல்பர்ட்டிடம் நீட்டினாள்.

"உனக்கு மனசு ஆறலேன்னா எடுத்துட்டுப் போய்ப் பாரு. எவ்வளவு நாள் வேணும்னாலும் வச்சிக்க. நான் வந்து விளக்குப் பிடிக்கிறேன்."

டெல்பர்ட் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

ஆர்விட்டுக்கு அந்தக் கைகள் மட்டும்தான் தெரிந்தன.

"அவன் என்னத்தப் பாப்பான்?" என்றான். குரல் உயரவில்லை. "ட்ரிகர்ல ஒண்ணும் கெடையாது. உன் கையிலயும் ஒண்ணும் கெடையாது. முப்பது குண்டு போனா தானா சரியாயிடும். ஆச்சா இல்லியா? மூணாவது தாளப் பாரு. இதுகூடத் தெரியாம அவன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கு. கொக்கி சூடேறுதாம்."

சொல்லி முடித்தபோது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு மூச்சு விடும் நேரம்.

"முப்பது குண்டா?" என்றாள் ஹில்டா. பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். "மார்னி, குழலத் தொடச்சியா?"

"அக்டோபர்ல புதுக் குழல் போட்டதுல இருந்து கம்பிய உள்ள விட்டதே இல்ல."

"டெல்பர்ட்?"

"மேட்சுக்கு முன்னாடி எவன் தொடப்பான்?"

வேர்ன் நாயிடமிருந்து கையை எடுத்தார். டெல்பர்ட் துப்பாக்கியின் பின் ஓட்டையில் மூக்கை வைத்து மோந்தான். பிறகு அதை மார்னியிடம் நீட்டினான். அவளும் மோந்தாள். கரைப்பான் வாடை. துப்பாக்கியை மேசையில் வைத்தாள்.

"அழுக்கா இருந்துது" என்றான் ஆர்விட். "நல்லதுக்குத்தான்…"

"எப்ப?"

"மார்னி, வீட்ல பேசிக்கலாம்."

"எப்பன்னு கேட்டேன்."

"நேத்து."

வேர்ன் சத்தமில்லாமல் சிரித்தார். அதில் சிரிப்பு இல்லை. "அடப்பாவி. எனக்காகவா செஞ்ச? நான் உன்னக் கேட்டனா?"

"உனக்காக இல்ல" என்றான் ஆர்விட்.

"அப்ப யாருக்காக?" என்றாள் மார்னி.

ஆர்விட்டையறியாமல் அவன் கண் டெல்பர்ட் பக்கம் போனது. அவளுடைய கண்ணும் கூடவே போய்த் திரும்பி வந்தது. முகத்தில் கோபம் இல்லை. அவனுடைய மேசைக்கு வரும் சிக்கிய துப்பாக்கியைப் பார்த்து அவன் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பானே, அப்படிப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் ஒன்கிட்டதான் கேட்டேன்" என்றாள். "ரெண்டு வருஷம். அவன்கிட்ட ஒரு தடவதான் கேட்டேன்."

"இப்ப நான் செஞ்சு தர்றேன். இன்னைக்கே. எல்லாத்தையும்…"

"எல்லாம் நேத்தே செஞ்சிட்ட."

ஹில்டா தொண்டையைச் செருமினாள். "மதிப்பெண் மாறாது. சுட்டது சுட்டதுதான். ஆனா ஆர்விட், இன்னொருத்தர் குழலத் தொட்டவன் பக்கத்துல என் துப்பாக்கிய வச்சிட்டு நான் மாநிலப் போட்டிக்குப் போகமாட்டேன். அத நீயே யோசிச்சுக்க."

யோசிக்க ஒன்றுமில்லை. அவன் தன் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்தான். ஒன்பது வருட வேலை. பூட்டுகள் இரண்டும் சரியாக விழுந்தன. அவனுக்கு எது சரியாக விழுந்தாலும் விழும் ஓசை பிடிக்கும். இது பிடிக்கவில்லை.

"வண்டி ஒண்ணுதான் இருக்கு" என்றான். "நீ எப்படி வருவ?"

"யாராவது எறக்கி விடுவாங்க."

"டெல்பர்ட்டா?"

மார்னி பெருமூச்சு விட்டாள். "பாத்தியா? இன்னும் அதுதான் கேக்குற."

அவளே முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள். பனி உள்ளே சுழன்றது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. ஆர்விட் வாசலில் நின்றான், ஏதாவது சொல்ல முடியுமா என்று. உள்ளே வேர்ன் அடுப்பிலிருந்து அப்பத்தை எடுத்துப் பிட்டுக்கொண்டிருந்தார். டெல்பர்ட் அவளுடைய துப்பாக்கியை மேசையில் நேராக்கி வைத்தான்.

"குளிர் வருது" என்றாள் மார்னி.

அவன் படியில் இறங்கினான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி ஒரு முறை திரும்பியது, பிறகு தாழ்ப்பாளும் விழுந்தது.