துப்புரவாளர் நடன இரவு

1

"துப்புரவாளர்களுக்கும் ஒரு நடன இரவு வேணும்."

கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. முதலில் 'வியன்னாவில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். பனி எல்லாருக்கும்தான் பெய்கிறது. அதை வாசலிலிருந்து தள்ளுவது என் அம்மா.

2

(தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.) குளிர்காலம் வந்தால் எங்கள் ஊரில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நடன இரவு. டாக்டர்கள், வக்கீல்கள், மிட்டாய்க்காரர்கள், காபிக்கடை முதலாளிகள், வேட்டைக்காரர்கள். தீயணைப்புக்காரர்கள்கூட ஆடுகிறார்கள், அன்று ஊர் எரியாமல் பொறுத்துக்கொள்கிறது.

ஒரு மாளிகை மண்டபத்தில் யாருக்கு எந்த இரவு என்று ஒதுக்குவது என் வேலை. அதே மாளிகையின் தரையைத் துடைப்பது என் அம்மா டுஷாங்காவின் வேலை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் நான் வாங்கியது. அதற்கும் சேர்த்துத்தான் துடைத்தாள்.

3

மாளிகையின் இயக்குநர் வீஸிங்கரை நல்லவராக எழுதப் பார்த்தேன். அவருடைய கனிவான

[கைவிடப்பட்டது.]

"ஆசைதான், பட்டதாரியம்மா. ஆனா துப்புரவுக்காரங்க ஆடினா மறுநாள் காலையில யாரு கூட்டுறது?"

"நீங்க."

சிரித்தார். நான் ஜோக் அடிக்கவில்லை.

அம்மா வாளியோடு அவர் மேசையடிக்கு வந்தாள். "காலைத் தூக்குங்க ஐயா." அவளைப் பார்க்காமலே தூக்கினார்.

"சரி, சாம்பல் புதன் காலியா இருக்கு. எடுத்துக்கோங்க. முடிஞ்சதும் நீங்களே கூட்டிட்டுப் போயிடணும்."

(சாம்பல் புதன் தவக்காலத்தின் முதல் நாள். ஆட்டமெல்லாம் முந்தின ராத்திரியே முடிந்துவிடும்.)

4

தாழ்வாரத்தில் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"வாயைத் திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா? உனக்குப் பட்டம் இருக்கு. என்னைத் துரத்திட்டா யாருடி வேலை குடுப்பா?"

"இன்னிக்கு ராத்திரி டாக்டருங்க. நாளைக்கு அதே தரையில வக்கீலுங்க. நடுவுல கூட்டித் துடைக்க நீங்க யாருமே வரலைன்னா?"

இந்த இடத்தில் அம்மாவின் கண் கலங்கியதாக ஒரு வரி எழுதினேன். கலங்கவில்லை. துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஆடப் போனா தரை தொடுற கவுன் போடணுமாம். அந்தத் தரையில என்னென்ன கிடக்கும்னு எனக்குல்ல தெரியும்." பிழிந்து முடித்தாள். "மத்தவங்ககிட்ட நான் பேசுறேன். நீ பேசாத, புத்தகம் மாதிரி பேசுற."

"வேலைக்கு வரமாட்டியா அப்ப?"

"வரல. ஆனா எழுதுறேன்னு என்னை வீராங்கனை ஆக்கிடாத. முட்டி வலிக்குது, அவ்வளவுதான்."

5

முடிவு அ: காய்ந்த ஷாம்பெயினில் ஷூ ஒட்டிக்கொள்ள வக்கீல்கள் ஆடுகிறார்கள்.

முடிவு ஆ: அம்மாவுக்கு வேலை போகிறது. எனக்கும்.

முடிவு இ: இரண்டும்.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போனாள், வாளியை அவர் மேசையடியில் வைத்தாள். வீஸிங்கர் நிமிராமலே காலைத் தூக்கினார். துடைக்காமல் திரும்பி வந்தாள்.

கால் இன்னும் மேலேதான் இருக்கிறது. எப்போது இறக்குவார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் வாசலைத் தாண்டிவிட்டோம்.