பமீலாவின் படச்சுருள்

லுக்குட் ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டில் பெட்ரிசியாவின் லயத்து வீடு எரிந்தபோது மகளின் படங்களும் எரிந்துபோயின. பமீலா அதற்கு முந்தின வருடமே காய்ச்சலில் போய்விட்டாள். மிச்சம், அவள் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்து, கழுவாமலே பெட்ரிசியாவின் தங்கை வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு படச்சுருள். முப்பது வருடம் கழித்துக் கிடைத்த அதைக் கைக்குட்டையில் சுற்றி, பக்கத்து வீட்டு ஜேசனிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜேசனுக்குச் செனாவாங் ஃபேக்டரியில் ஷிஃப்டு வேலை. ஓய்வில் ஃபிலிம் கழுவுவான். இத்தனை வருட வெக்கையில் ஃபிலிம் முழுக்கச் சாம்பல் நிறம் படர்ந்திருக்கும். கறுப்பையும் வெள்ளையையும் வெட்டிப் பிரிக்கிற கடுமையான டெவலப்பர், படத்தை எழுப்பும் மருந்து, வேண்டுமென்று மருந்துகளைத் தனித்தனியாக வாங்கினான்.

அவன் இல்லாதபோது சமையலறையைக் கூட்டி, சோறு மூடிவைத்துவிட்டுப் போவது பெட்ரிசியாவின் வழக்கம். அவளுடைய செபங்களில் அதுவும் ஒன்று.

சனிக்கிழமை காலை சல்ஃபைட், ஹைட்ரோகுயினோன், புரோமைட் என்று வரிசையாகக் கரைத்தான். கடைசியாக, மருந்துக்கு உயிர் கொடுக்கிற சலவை சோடா, சமையலறை டின்னில் இருந்தது. ஃபிலிமின் நுனியை வெட்டி வெளிச்சத்திலேயே முக்கிப் பார்த்தால் கறுக்க வேண்டும், அதுதான் சோதனை. வாசலில் பெட்ரிசியா செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைக் காக்கவைக்க மனமில்லாமல் சோதனையை விட்டுவிட்டான்.

படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரும் முடிந்து எடுத்தபோது ஃபிலிம் வெறும் கண்ணாடியாக இருந்தது. ஓரத்தில் கம்பெனி போட்ட எண்கள்கூட இல்லை. மருந்து வேலை செய்தால் எவ்வளவு பழைய ஃபிலிமிலும் அவை தெரியும். அப்படியென்றால் ஃபிலிம் கெடவில்லை. மருந்துதான் வேலை செய்யவில்லை.

“ஜேசா, அந்த வெள்ளத் தூளு பத்துச்சா? டின்னுல அடியிலதான் கெடந்துச்சு. ஆப்ப சோடா வாங்கி நெரப்பி வச்சேன். எல்லாம் ஒண்ணுதானே லா.”

ஆப்ப சோடாவுக்கு அந்தக் காரம் கிடையாது. ஜேசன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“ஃபிலிம் ரொம்பப் பழசு ஆன்ட்டி. சூட்டுல போயிருச்சு.”

“ஒண்ணுமே இல்லியா?”

“இல்ல ஆன்ட்டி.”

ஈர ஃபிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது.

“இதுக்குள்ளதான் இருந்தா” என்று மறுபடி கைக்குட்டையில் சுற்றினாள். “நீ என்னாய்யா பண்ணுவ. போய்ச் சாப்பிடு, சோறு ஆறுது. தூளு தீந்தா சொல்லு, வாங்கி வைக்கிறேன்.”

“சரி ஆன்ட்டி.”

அவள் போனபின் டின்னைக் கவிழ்த்துக் கொட்டினான். ஆண்டவரே, நான் சொன்ன பொய்யை மன்னியும் என்றான். பிறகு வெறும் டின்னைக் கழுவித் துடைத்து, அவள் கண்ணில் படும்படி பழைய இடத்திலேயே வைத்தான். அவள் நிரப்பட்டும். இனி அதிலிருந்து அவன் எடுக்கப்போவதில்லை.