மூன்று புள்ளி, ஒரு கோடு

“அந்தப் பொண்ணைக் கூப்பிடு. இது யார் சட்டைன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.”

“கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். அவ உள்ளே இஸ்திரி போட்டுட்டிருக்கா, பயத்துல கையைச் சுட்டுக்கப் போறா.”

“ஊர் முழுக்க என் மானத்தை வாங்குவீங்க, நான் மட்டும் மெதுவா பேசணுமா?”

கத்தியவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், மூன்றாவது மாடிக்காரர். பதில் சொன்னவர் கீழ்த்தளத்தில் சலவைக் கடை வைத்திருப்பவர். அந்தக் கடைக்கு நேர் மேலே என் வீடு. எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை, எல்லாம் தானாகக் காதில் விழும். இருந்தாலும் எட்டிப் பார்த்தேன். செயலாளர் தன் வெள்ளைச் சட்டையின் காலரைப் புரட்டி, உள்பக்கத்தை எல்லோருக்கும் காட்டியபடி நின்றிருந்தார். அழியாத மையில் மூன்று புள்ளி, ஒரு கோடு.

துணி மாறிப் போகாமல் இருக்கச் சலவைக்காரர் வைக்கும் குறி அது. எங்கள் கட்டடத்தில் ஒரே பெயரில் பலர் உண்டு. அதனால் அவர் பெயர் எழுதுவதில்லை, வீட்டுக்கு ஒரு குறி. எந்தக் குறி எந்த வீடு என்பது அவருக்கும், அவர் மனைவிக்கும், மகளுக்கும் மட்டும் தெரியும். சட்டை போட்டுக்கொள்கிறவர்கள் காலருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று என்றைக்குப் பார்த்திருக்கிறார்கள்?

எல்லோரையும் பார்க்க வைத்தவள் அந்த மகள்தான். கல்லூரியில் படிப்பது கணக்குப்பதிவியல். வாய் காரணமாக நாங்கள் வைத்த பெயர் வக்கீல். வகுப்புத் தோழி ஒருத்தி ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கலாம் என்று கிளப்பிவிட, இவளும் தொடங்கினாள். முதல் பதிவு ‘வணக்கம், இது என் முதல் பதிவு’. இரண்டாவது நேர மேலாண்மை பற்றி. மூன்றாவது தன்னம்பிக்கை பற்றி. அதைப் படித்தபோது எனக்கு இருந்த தன்னம்பிக்கையும் போய்விட்டது. சுட்டியைக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போடுவாள். படித்தது அவள் தோழியும் நானும். தோழி கட்டைவிரல் காட்டுவாள், நான் பூங்கொத்து அனுப்புவேன்.

ஒருநாள் அந்தத் தோழியே சலித்துப்போய், “இதையெல்லாம் யார் வேணா எழுதலாம்டி. உனக்கு மட்டும் தெரிஞ்சதை எழுது” என்று சொல்லிவிட்டாளாம். சொன்னவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். வந்தது வினை.

நாலாவது பதிவின் தலைப்பு, ‘எங்கள் கடைக்கு மூட்டை வரும் வழி’. யார் யார் அழுக்குத் துணியை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று எழுதியிருந்தாள். ‘ஒரு வட்டம்’ வீட்டில் பையை அப்பாவின் கையில் கொடுத்து, சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். ‘இரண்டு கோடு’ வாசலில் வைத்துக் காலால் உள்ளே தள்ளுவார். ‘பெருக்கல் குறி’ வீட்டு அம்மாள் உள்ளாடைகளை எண்ணிக் கொடுப்பார், ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். ‘மூன்று புள்ளி, ஒரு கோடு’ மட்டும் கீழே இறங்கமாட்டார். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு பால்கனியிலிருந்து ‘ஏய் லாண்டரி, புடி’ என்று குரல் வரும், பின்னாலேயே மூட்டை வரும். போன மாதம் அது அப்பாவின் முகத்தில் விழுந்து கண்ணாடி உடைந்தது. அப்பா படியில் தடுக்கி விழுந்ததாக அம்மாவிடம் சொன்னார். ‘நான் கடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று முடித்திருந்தாள்.

இவ்வளவுதான் பதிவு. பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை. குறி போட்டால் யாருக்கும் தெரியாது என்று பாவம் அந்தப் பிள்ளை நினைத்தாள். தலைப்பில் கடையைப் பார்த்ததும் இந்த முறை குழுவே படித்தது. அன்று மாலைக்குள் கட்டடம் முழுவதும் அலமாரிகள் திறந்தன. எல்லா வீட்டிலும் காலரைப் புரட்டினார்கள். நானும் புரட்டினேன். என் குறியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அவரவர் குறி அவரவருக்குத் தெரிந்தது. அடுத்தவர் குறி தெரியாது. ஆகவே எல்லோரும் கமுக்கமாக இருந்தார்கள். செயலாளர் ஒருவர்தான், எல்லோருக்கும் முன்னால் சட்டையோடு இறங்கி வந்தார். அதுவும் படியில், கையில் பிடித்தபடி. அவர் சட்டை ஒன்று அந்த மரியாதையோடு கடைக்கு வந்தது அதுவே முதல் தடவை.

வக்கீல் வெளியே வந்து, “உங்க சட்டைதான் அங்கிள்” என்றாள். “நீங்க சொல்ற வரைக்கும் வேற யாருக்கும் தெரியாது. இப்ப தெரிஞ்சிருச்சு.”

மாடிகளில் யாரோ சிரித்தார்கள். நான் இல்லை.

“நாளைக்குச் சங்கக் கூட்டம். அதுக்குள்ள அந்த எழவை எடுக்கலைன்னா கடையைக் காலி பண்ண வைக்கறேன்” என்று செயலாளர் லிஃப்டில் ஏறினார். வெறும் மிரட்டல் இல்லை. கடை இருக்கும் அறை சங்கத்துக்குச் சொந்தம், வருடா வருடம் அனுமதி புதுப்பிக்க வேண்டும். அடுத்த அனுமதி அந்தக் கூட்டத்தில்தான் வர இருந்தது.

அன்று முழுவதும் கீழே இஸ்திரிப் பெட்டியின் சத்தத்தைவிடப் பேச்சுச் சத்தம் அதிகம்.

“எடுத்துடும்மா. அப்பா கேக்கறேன்ல.”

“பொய் எழுதியிருந்தா எடுக்கறேன்ப்பா.”

“உண்மையை எழுதிட்டு எங்க போய் கடை போடறது? நடுத்தெருவுலயா?”

“குறியைப் போட்டது என் தப்பு. அதுக்கு வேணா மன்னிப்புக் கேட்டு எழுதறேன். மூட்டையை எறிஞ்சது என் தப்பா?”

“அவர் அப்படித்தான். எனக்குப் பழகிருச்சு.”

“எனக்குப் பழகலையே.”

நடுவில் சலவைக்காரர் மனைவியின் குரல் வந்தது. அந்த அம்மாள் அதிகம் பேசுகிறவர் இல்லை. “அப்ப நீங்க படியில விழலையா?” என்று மட்டும் கேட்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகி, ஜன்னலைச் சாத்தினேன். முழுக்கச் சாத்தவில்லை.

மறுநாள் வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்குக்கூட எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். செயலாளர் எழுந்து, குடியிருப்பின் கௌரவம், தனிமனித உரிமை, இணையத்தின் சீரழிவு என்று அடுக்கிவிட்டு, ஓரமாக நின்ற சலவைக்காரரிடம் திரும்பினார்.

“கடைசியா கேக்கறேன். பொண்ணுகிட்ட அதை எடுக்கச் சொல்றியா, இல்லையா?”

சலவைக்காரர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். குனிந்தே நின்று பழகிய மனிதர். அன்று நிமிர்ந்தபோதுதான், செயலாளரைவிட உயரம் என்று எங்களுக்குத் தெரிந்தது.

“அவ எழுதினதுல ஒரு வார்த்தை பொய்யின்னு சொல்லுங்க சார், இப்பவே எடுக்கச் சொல்றேன். உடைஞ்சது என் கண்ணாடி. விழுந்தேன்னு பொய் சொன்னவன் நான். அவ சொல்லலை.”

வக்கீல் எழுந்தாள்.

“நானே எடுத்துடறேன் அங்கிள். ஒண்ணே ஒண்ணு. இந்த வாரத் துணியை நீங்களே கீழே கொண்டுவந்து எங்கப்பா கையில கொடுங்க. கொடுத்த அந்த நிமிஷமே எடுத்துடறேன்.”

“நானா? மூட்டையைத் தூக்கிக்கிட்டு படியிலயா?”

“லிஃப்ட்லயும் வரலாம்.”

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. செயலாளரின் காது சிவந்தது. கொண்டுவந்து கொடுத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மனிதர் ஒரு நிமிடம் யோசித்ததுகூட முகத்தில் தெரிந்தது. ஆனால், “கடை காலியாகணும்னு நினைக்கறவங்க கையைத் தூக்குங்க” என்றார்.

எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். கையைத் தூக்கினால் என்ன ஆகும்? இவன்தான் காலால் தள்ளுகிற ‘இரண்டு கோடு’ என்பார்கள். இவள்தான் எண்ணிக் கொடுக்கிற ‘பெருக்கல் குறி’ என்பார்கள். இரண்டாவது மாடிப் பல் டாக்டரின் கை பாதிவரை மேலே போனது. நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டார். செயலாளரின் கை மட்டும் தனியாக மேலே நின்றது. அவர் மனைவி பக்கத்து நாற்காலியில் மடியில் கை கோர்த்து உட்கார்ந்திருந்தார். கணவர் முறைத்தும் அந்தக் கைகள் பிரியவில்லை.

கடைக்கு அனுமதி புதுப்பிக்கப்பட்டது. பதிவு இருந்த இடத்தில் இருந்தது. அந்த வாரத்தில் ஐந்தாறு பேர் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, தங்கள் குறியை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று சலவைக்காரரிடம் கேட்டார்கள். “மாத்தினா துணி மாறிடும் சார்” என்றார் அவர். ஆனால் எல்லோருடைய பையும் இப்போது கையில்தான் வந்தது. பல் டாக்டர் சாப்பிட்டாச்சா என்றுகூடக் கேட்டாராம். சாயங்காலம் நாலு மணிக்கு.

வக்கீல் அதன்பிறகு நிறைய எழுதினாள். கல்லூரி கேண்டீன் பற்றி எழுதி முதல்வர் அறைவரை போனாள். அங்கேயும் எடுக்கச் சொன்னார்கள், அங்கேயும் எடுக்கவில்லை.

செயலாளர் பதவியை விட்டார். நாலு தெரு தள்ளி இருக்கிற கடையில் துணி போட்டு, யாரோ ஒருவரின் பேண்ட்டோடு திரும்பி வந்தார். அடுத்த வருடம் மகன் வீட்டோடு போய்விட்டார்கள். அவர் மனைவி போவதற்கு முன் படியிறங்கி வந்து, சலவைக்காரரின் மனைவியோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அன்றைக்கென்று குக்கர் விசில் அடித்துத் தொலைத்தது. பல் டாக்டர் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டு அதே மாடியில்தான் இருக்கிறார். வக்கீலுக்கு முதலில் வந்த வரன், எழுதுவதை நிறுத்தினால் சம்மதம் என்றது. அவள் வரனை நிறுத்தினாள். பிறகு தன்னோடு வேலை பார்த்த பையனையே பதிவுத் திருமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.