வயரில்லாத ரதம்

மெர்போக் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் ரதம் புறப்பட்டாலே ஜெயமலர் வீட்டு ஜன்னலெல்லாம் படார் படாரென்று சாத்திக்கொள்ளும். பக்தி இல்லாமலா? ஆஸ்துமா ஐயா, ஆஸ்துமா! ரதத்துக்குப் பின்னாலேயே விளக்குகளுக்கான டீசல் ஜெனரேட்டர் புகையைக் கக்கிக்கொண்டு வரும். சாமி கும்பிடப் போய் ஆஸ்பத்திரியில் படுத்த வருஷமும் உண்டு.

இந்த வருஷம் அம்மாவை ரதத்தோடு நடக்கவைத்தே தீருவதென்று மகள் ரூபினி கங்கணம் கட்டிக்கொண்டாள். கூலிம் ஃபேக்டரியில் வயரில்லாமல் சார்ஜ் ஏற்றும் பலகை செய்வதுதான் அவள் வேலை. கோயில் கூரையில் சோலார், ரதக் கொட்டகைத் தரையில் ஒரு பலகை, ரதத்தின் அடிவயிற்றில் இன்னொன்று. நடுவே ஒரு சாண் வெறும் காற்று. அதைத் தாண்டிக் கரண்டு ஏறி ரத விளக்குகளுக்கான பேட்டரியை நிரப்பிவிடும்.

"காத்துல கரண்டா? யாருக்குக் காது குத்துற? வயர் போட்டா என்னவாம்?" என்றார் கோயில் தலைவர் காளிதாசன்.

"போன வருஷம் கொட்டகையில போட்ட லைட் வயரைக் கழட்டாமலே ரதத்தை இழுத்து, சுவத்தோட பிளக்கைப் பேத்தது யாரு மாமா?" என்று கேட்டாள் ரூபினி.

அது சாட்சாத் அவரேதான். ஆனாலும் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தத் தவறவில்லை.

திருவிழாவன்று காலை சுவிட்சைப் போட்டுவிட்டுப் போன ரூபினி, மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி காலி!

"நான் அப்பவே சொன்னேன் லா," என்று காளிதாசன் ஜெனரேட்டர் பக்கம் நகர்ந்தார்.

ரூபினி ரதத்துக்கு அடியில் தவழ்ந்து போனாள். பலகையின் நட்டநடுவே பித்தளைத் தாம்பாளம்! வெற்றிலை, பாக்கு, குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம், எல்லாம் ஜோராக இருந்தன. உலோகம் குறுக்கே வந்தால் அது சூடேறிவிடும் என்பதால் அந்தப் பலகை தானே அணைந்துகொள்ளும்.

"யாரு வெச்சது இத?"

"நான்தான்டி," என்றாள் ஜெயமலர். "புது மெஷினுக்குப் பூசை போடாம இருக்கலாமா? உங்கப்பா மோட்டார்சைக்கிளுக்கே போட்டோமே!"

ரூபினிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தாம்பாளத்தை எடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் பொழுது சாய்வதற்குள் பாதிதான் ஏறியது. எல்லா விளக்கையும் போட்டால் பாதி வழியிலேயே ரதம் இருண்டுவிடும்.

"அப்ப ஜெனரேட்டர்தான்," என்றார் காளிதாசன்.

ஜெயமலர்தான் முன்னால் வந்தாள். "அண்ணே, கலர் லைட்டெல்லாம் அணைச்சிடுங்க. அம்மன் முகத்துக்கு மட்டும் வெளிச்சம் போதும். நான் அந்த முகத்தப் பாத்து எத்தனையோ வருஷமாச்சு."

காளிதாசனே போய்க் கலர் லைட்டை அணைத்தார். "சரி லா, இழுங்கப்பா!"

ரதம் நகர்ந்தது. ஜெனரேட்டர் இரைச்சல் இல்லாததால் நாதஸ்வரம் கணீரென்று கேட்டது. ஜெயமலர் வீட்டு வாசலில் ரதம் நின்றபோது அர்ச்சனைத் தட்டு நீட்ட அங்கே ஆளில்லை.

"வீட்டுக்காரங்க எங்கே?" என்றார் பூசாரி.

"இங்கே இருக்கேன் சாமி!" ரதத்துக்குப் பின்னாலிருந்து வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்த ஜெயமலர், கையிலிருந்த அதே தாம்பாளத்தை நீட்டினாள்.

"இப்பத்தான் வைக்க வேண்டிய இடத்துல வைக்கிற, தங்கச்சி," என்றார் காளிதாசன்.

ரூபினி அவசரமாக இன்ஹேலரை எடுத்து நீட்டினாள். ஜெயமலர் அதை வாங்கவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"மல்லிகப்பூ வாசம் வருதுடி," என்றாள்.