அப்தியாஸின் கடைசிக் கேள்வி

மரணப் படுக்கையில் கிடந்த அப்பா அப்தியாஸின் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் அசாயேலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் மலைப்பாதையில் பேருந்து ஓட்டிய கை. இன்னும் அதில் பலம் இருந்தது.

"பயமா இருக்குடா."

அசாயேல் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டான். அவனுக்கு நாற்பத்தொரு வயது. அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை இன்றுதான் கேட்கிறான். பிரேக் பிடிக்காத பேருந்தை மண்மேட்டில் மோதி நிறுத்திவிட்டு வந்த அன்றுகூட அப்தியாஸ் அதைச் சொல்லவில்லை. கை கழுவிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

அசாயேலின் சிறுவயதில் தினமும் விடியற்காலை நாலு மணிக்கு, கெத்சால்தெனாங்கோ நகரத்துக்கு முதல் வண்டியை எடுக்குமுன், சமையலறை மேசையில் இறையியல் புத்தகம் விரிந்திருக்கும். அஞ்சல்வழிப் பாடம். ஒரு பக்கம் படித்து, ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு மகனை எழுப்புவார். கிருபை என்றால் என்ன? எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பதில் தப்பினால் பீன்ஸும் தொர்த்தியா என்ற சோள ரொட்டியும் அவன் கண்ணெதிரே ஆறிக் கிடக்கும். தொடக்கூடாது. சில நாள் பெல்ட்டும் உண்டு.

"உங்களுக்கு என்னப்பா பயம்? நீங்க படிக்காததா?"

"படிச்சதுதான் பயமா இருக்கு." மூச்சு வாங்கியது. "அவரும் அப்பாதானே. பிதான்னுதானே எல்லா இடத்துலயும் போட்டிருக்கு."

"ஆமா."

"என்னை மாதிரி அப்பாவா இருந்தா?"

தகரக் கூரையில் பிற்பகல் மழை இரைந்தது. ஆமாம், அப்படித்தான் இருப்பார் என்று சொல்லிவிட அசாயேலுக்கு ஒரு நொடி ஆசை வந்தது. அதை விழுங்கிக்கொண்டான்.

"உங்களை மாதிரி இருக்கமாட்டார்ப்பா."

அப்தியாஸின் கண்கள் அவன் முகத்தில் எதையோ தேடின.

"எந்தப் பக்கத்துல இருக்கு?"

"பக்கம் தெரியாது. நான் சொல்றேன்."

அவர் பிடியைத் தளர்த்தவில்லை. பிறகு, "சாப்பிட்டியா நீ?" என்றார்.

"சாப்பிட்டேன்."

"வயிறு நெறஞ்சுதா?"

காலையிலிருந்து அவன் ஒரு வாய் காப்பிகூடக் குடித்திருக்கவில்லை.

"நெறஞ்சுதுப்பா."

அப்பாவின் மூச்சு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அசாயேல் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டான். ஒரு தடவை அவனால் அதற்குமேல் பிடிக்க முடியவில்லை, விட்டுவிட்டான். அவருடையது திரும்பி வரவில்லை.

மணிக்கட்டிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

திரும்பியபோது வாசற்படியில் அவனுடைய மகள் தாமாரிஸ் நின்றிருந்தாள். எட்டு வயது. ஞாயிறு வகுப்பு நோட்டை நெஞ்சோடு அணைத்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அப்பா, வசனம் இப்ப ஒப்பிக்கணுமா? நடுவுல கொஞ்சம் மறந்துபோச்சு."

"வேண்டாம்மா. இங்க வா."

பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். அவன் கைகளில் பெல்ட் இருக்கிறதா என்று அவள் முதலில் பார்த்தாள். பிறகு வந்து, பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.