கடைசிக் கைப்பிடி

மெக்சிகன் கடையில் காஸ்கபெல் மிளகாய் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே விதை குலுங்கியது. உருண்டையும் கருஞ்சிவப்புமாக, பார்வைக்கு எங்கள் ராமநாதபுரம் குண்டு மிளகாயேதான். மணம் மட்டும் வேறு. லேசாகப் புகை படிந்த மணம். காரம் போதாது என்று, ஊசியாக மெலிந்த இன்னொரு மிளகாயிலும் கொஞ்சம் அள்ளிக்கொண்டேன்.

வீட்டில் குண்டு மிளகாய் இல்லாமலில்லை. ஃப்ரீசரில், ஜிப்லாக் பையில் ஒரு கைப்பிடி இருக்கிறது. பரமக்குடியிலிருந்து வருடாவருடம் அதை அனுப்பிக்கொண்டிருந்த மாமியார் போன பங்குனியில் இறந்துவிட்டார். எடுத்துச் சமைக்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை, தோசைக்கு மெக்சிகன் மிளகாயில் சட்னி அரைத்தேன். கணவர் நெடுஞ்செழியன் ஒரு விள்ளல் தொட்டு வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா மிளகாதானே? அந்த வாசனை எங்க போகும்."

மாற்றிப் போட்டதைச் சொல்ல வாயெடுத்தேன். மகள் கயல் முந்திக்கொண்டாள். "நோ அப்பா, திஸ் ஸ்மெல்ஸ் லைக் பார்பிக்யூ."

"டெக்சாஸ்ல பொறந்தவளுக்கு எல்லாமே பார்பிக்யூதான். உங்க அப்பத்தா மிளகா இது. பேசாம சாப்பிடு."

கயல் சிரித்துக்கொண்டே தட்டோடு மாடிக்குப் போனாள். நான் அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தேன். கோவிட் வந்தபோது அவருக்கு மணமே தெரியாமல் போனது. இரண்டு மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்றார். நம்பினேன். அப்படியானால் இத்தனை நாள் சமையலறைக்குள் வந்து "அட, ரசமா" என்றதெல்லாம் அடுப்பை எட்டிப் பார்த்துச் சொன்னதுதானா? நாக்குக்குக் காரம் தெரிகிறது. மிச்சத்தை ஞாபகத்திலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்.

டெக்சாஸில் இந்தக் கேட்டி நகருக்குக் குடிவந்த புதிதில், அபார்ட்மெண்டில் முதல்முறை மிளகாய் வறுத்தபோது ஸ்மோக் அலாரம் அலறியது. நான் பயந்து நின்றேன். அவர் உள்ளே வந்து, நாற்காலிமேல் ஏறித் துண்டால் விசிறினார். "பார்க்கிங்லயே கண்டுபிடிச்சிட்டேன் மதி, அம்மா பார்சல் வந்திருச்சுன்னு." அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எழுந்து ஃப்ரீசரைத் திறந்தேன். பையிலிருந்த அத்தனையையும் இரும்புச் சட்டியில் கொட்டினேன்.

"இப்பத்தானே சாப்பிட்டோம். மறுபடியும் எதுக்கு?"

"சும்மாதாங்க."

நெடி கிளம்பியது. இருவரும் இருமினோம். அலாரம் கத்தத் தொடங்கியது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, துண்டால் விசிறினார். சத்தம் அடங்கியது.

"வருதாங்க?" என்றேன்.

எது என்று அவர் கேட்கவில்லை. இறங்கி வந்து சட்டிமேல் குனிந்து மூச்சை ஆழமாக இழுத்தார். இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

மிளகாய் ஓரங்களில் கருக ஆரம்பித்திருந்தது.

"அணைச்சிரவா?"

"இரு மதி. இன்னும் கொஞ்சம்."

அடுப்புத் திருகில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.